பெட்டியில் எழுதாத பெயர்

சாரைப்பாம்பு ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் கூடித்தான் இனம் பெருகும் என்று சிறுவயதில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுப் பனங்காணிக்குள் இரண்டு பாம்புகள் தலையை ஒரு முழத்துக்கு மேல் தூக்கி, கயிறு திரித்தாற்போல முறுகி நின்றதை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். அம்மம்மா உள்ளே ஓடிப்போய் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துவந்து அவற்றின் மேல் எறிந்தார்; அந்த வேட்டியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் வீட்டில் செல்வம் தங்கும் என்பது நம்பிக்கை. நான் கண்டவை இரண்டும் சாரைகள், அதிலும் இரண்டும் ஆண்கள், நடந்தது கூடல் அல்ல, மல்யுத்தம் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. சாரையும் நாகமும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவை கூடிக் குஞ்சு பொரிப்பதில்லை. (வேட்டி பெட்டிக்குள் போனது உண்மை. செல்வம் வந்ததாக நினைவில்லை.)

இந்தப் பழங்கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் அக்காவின் மகன். வெள்ளவத்தையில் வளர்ந்தவன், பாடசாலை விடுமுறைகளில் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனால் யானையைப் பார்க்க வராமல் பாம்புக் கூடத்தின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான், பாம்பு வளர்க்கிறான். சென்ற மாதம் காணொளி அழைப்பில் ஒரு பாம்பைக் கையில் சுற்றிக் காட்டினான். செம்மஞ்சள் உடல், முதுகில் அமெரிக்கச் சோளப் பாம்புக்குரிய சிவப்புத் திட்டுகள் இருக்கவேண்டிய இடத்தில், தையல் பிரிந்ததுபோல் நீளவாட்டில் கிழிந்த வெள்ளைப் பட்டைகள். "ஜங்கிள் கோர்ன், மாமா" என்றான். சோளப் பாம்பையும் கலிபோர்னியா கிங் ஸ்நேக்கையும் கலந்து பெற்ற கலப்பினம். நம்மூரில் கிங் ஸ்நேக் என்றதும் பலர் இராஜநாகத்தை நினைத்துக்கொள்வார்கள்; இது நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பு, ஆனால் மற்றப் பாம்புகளைப் பிடித்து விழுங்கும் பழக்கமுள்ளது.

அப்படியானால் இரையும் வேட்டையாளரும் எப்படிக் கூடுகின்றன? ஆண் பாம்பு தன் துணையை அறிவது முக்கியமாக வாசனையால்தான். நாக்கை நீட்டிப் பெண்ணின் தோலில் உள்ள கொழுப்புப் பொருள்களைத் தொட்டு, அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோய் அவற்றை உணர்கிறது. வளர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் அதை ஏமாற்றுகிறார்கள்: முதலில் சோளப் பாம்புப் பெண்ணை விட்டுச் சோளப் பாம்பு ஆணைக் கிளர்ச்சியுறச் செய்து, பின்னர் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு, அதன் வாசனையைத் தேய்த்த கிங் ஸ்நேக் பெண்ணை உள்ளே வைப்பார்கள். அதற்கு முன் மணப்பெண்ணுக்கு வயிறு நிறைய எலி கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளையே விருந்தாகிவிடுவார்.

பிறக்கும் குஞ்சு கோவேறு கழுதையைப் போல மலடாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். குதிரைக்கு 64 நிறமூர்த்தங்கள் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள்), கழுதைக்கு 62. அவற்றின் பிள்ளைக்கு 63 ஆக அமைந்து, சோடி சேராமல் போகிறது. பாம்புகளில் மிகப் பல இனங்களுக்கு 36 என்ற ஒரே எண்ணிக்கை, அதுவும் 16 பெரியவை, 20 மிகச் சிறியவை என்ற ஒரே அமைப்பில் இருப்பதால், இனம் மாறினாலும் சில கலப்புகள் வளமாகவே இனம்பெருக்குகின்றன. பச்சை மர மலைப்பாம்பையும் கார்பெட் மலைப்பாம்பையும் கலந்து 'கார்பொன்ட்ரோ' என்று விற்கிறார்கள். பர்மிய மலைப்பாம்பையும் பால் பைத்தனையும்கூடக் கலந்திருக்கிறார்கள். (இந்தப் 'பால்' நாம் புற்றுக்கு ஊற்றும் பால் அல்ல, பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர்.)

இது இயற்கைக்கு விரோதம் என்று கூச்சலிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நியூ மெக்சிகோவின் தென்மேற்கில் இரண்டு இனக் கிலுகிலுப்பைப் பாம்புகள் எவருடைய உதவியுமின்றிக் கலந்து வாழ்கின்றன. நச்சுப் பாம்புகளை வீட்டில் கலப்பது மட்டும் சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஒரே இனத்தின் நஞ்சே இடத்துக்கு இடம் மாறுபடுகையில், கலப்பின் நஞ்சுக்கு எந்த மருந்தை நம்பி ஏற்றுவது? மற்றப்படி, என் ஆட்சேபனை உடலைப் பற்றியதல்ல, பெயரைப் பற்றியது.

மருமகன் தன் ஜங்கிள் கோர்ன் பெண்ணைச் சாதாரண சோளப் பாம்பு ஆணோடு சேர்த்திருக்கிறான். ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. ஒவ்வொன்றாகக் கமராவுக்கு முன் பிடித்துக் காட்டினான்: ஐந்தில் பட்டை கலைந்திருந்தது, நான்கைச் சோளப் பாம்பிலிருந்து என்னால் பிரித்தறிய முடியவில்லை, அவனாலும் முடியவில்லை. போதாததற்குப் பெண் பாம்பு ஆணின் விந்தை மாதக்கணக்கில், சில வேளைகளில் வருடக்கணக்கில்கூட உடலில் சேமித்து வைக்கக்கூடியது. ஆகவே குறிப்பேடு இல்லாவிட்டால் தகப்பன் யாரென்பதும் ஊகந்தான். அடுத்த தலைமுறையில் அந்த நான்கின் பிள்ளைகள் கலப்படமற்ற சோளப் பாம்புகளாகவே விலைபோகும்.

அமெரிக்கச் சோளப் பாம்புக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். இலங்கையில் காட்டில் வாழும் வெங்கிணாந்தி, சிங்களத்தில் பிம்புரா, இந்திய மலைப்பாம்பு இனத்தைச் சேர்ந்தது. உலகெங்கும் வளர்ப்போரிடம் பெருகியிருப்பது அதன் உறவான பர்மிய மலைப்பாம்பு. 2009 இல்தான் இரண்டும் தனித்தனி இனங்கள் என்று பிரிக்கப்பட்டன. அதற்கு முன்னர் ஒரே இனத்தின் இரு கிளைகள் என்று கருதியதால், கலந்தவர்களுக்குத் தாம் கலக்கிறோம் என்ற எண்ணமே இருந்திருக்காது. வேறுபாடு கண்ணருகே இருக்கிறது: நம்முடையதில் மேலுதட்டுச் செதில் ஒன்று கண்ணைத் தொடும், பர்மியப் பாம்பில் இடையில் சிறு செதில் வரிசை ஒன்று குறுக்கிடும். கலப்பினத்தில் இந்த அடையாளத்தை எப்படி நம்புவது? புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பரவிய பாம்புகள் யாவும் பர்மிய மலைப்பாம்புகள் என்றே எண்ணியிருந்தார்கள். ஏறத்தாழ 400 பாம்புகளின் மரபணுவைச் சோதித்து 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அவற்றுள் 13 இல் இந்திய மலைப்பாம்பின் தாய்வழித் தடயம் இருப்பதைக் கண்டது. தப்பியோ விடுவிக்கப்பட்டோ காட்டுக்குள் போனவற்றின் வம்சம் அது.

அங்கே சொந்த மலைப்பாம்பு இனம் கிடையாது, எனவே கலப்பால் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. இங்கே இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் நம்முடைய பாம்பைப் பாதுகாக்கிறதுதான். ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப்பொதிக்குள் ஊர்வன பிடிபட்ட செய்திகளைப் படிக்கும்போது, பிடிபடாமல் கொழும்பின் ஏதாவதொரு மாடிவீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தவற்றை நினைத்துப் பார்க்கிறேன். அப்படி வந்த மலைப்பாம்பு ஒன்று பத்தடி நீளமாகிப் பராமரிக்க முடியாமற்போன நாளில் அதன் சொந்தக்காரர் என்ன செய்வார்? இரவோடிரவாக ஒரு சதுப்பு ஓரம்.

அதனால் மருமகனிடம் ஒன்றை மட்டும் கேட்டேன்: ஒன்பது பெட்டிகளிலும் தாய் இன்னது, தகப்பன் இன்னது என்று எழுதிக் கொடு. "அப்படி எழுதினால் பாதி விலைதான் மாமா" என்றான், ஆனாலும் எழுதுவதாக ஒப்புக்கொண்டான். கடந்த ஞாயிறு அழைத்தபோது ஏழு விற்றுப்போயிருந்தன. வாங்கியவர்களுக்குக் கலப்பு என்று தெரியுமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டவர்களுக்குச் சொன்னேன்" என்றான்.