கீமோ முடிஞ்ச பிள்ளையை நாள் முழுக்கப் படுக்க வைக்காதீங்க

கேன்சர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் இருபது வயசுப் பிள்ளைக்கு நம்ம தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் நடக்கும் முதல் உபசாரம், ஹாலில் ஒரு கட்டில். ஃபேனுக்கு நேர் கீழே, டிவிக்கு எதிரே. "நீ எதுக்கும் எழுந்திரிக்காதப்பா, படுத்து ரெஸ்ட் எடு." பார்க்க வரும் அத்தை, சித்தப்பா எல்லோரும் அதையே சொல்லிவிட்டுப் போவார்கள். சில மாதத்தில் அந்தப் பிள்ளை ராத்திரி இரண்டு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பாசத்தில் செய்வதுதான். ஆனால் ராத்திரித் தூக்கம் கெடுவதில் அந்தக் கட்டிலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

அசதி வேறு, தூக்கக் கலக்கம் வேறு. அசதியில் உடம்பு ஓய்ந்துபோகும், கண்ணை மூடினால் தூக்கம் வராது. கலக்கம் என்றால் பஸ்ஸிலும் வகுப்பிலும் உட்கார்ந்த இடத்தில் சொக்கும். கீமோவுக்குப் பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது அசதி. அதற்குப் படுக்கை மருந்தில்லை. தினமும் கொஞ்சம் நடந்தால்தான் குறையும். பகலெல்லாம் புரண்டு கிடந்தால் ராத்திரிக்குத் தூக்கமே சேராது. படுக்கை என்றாலே மொபைல், வலி, 'திரும்ப வந்துருமோ' என்ற பயம் என்று மனசும் பழகிவிடும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரை இல்லை, சிபிடி-ஐ என்ற பழக்கவழக்கச் சிகிச்சை. வழக்கமாக 4 முதல் 8 அமர்வு. அதைச் செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் கிடைக்காவிட்டாலும் அடிப்படையை வீட்டில் தொடங்கலாம்.

இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள். தினம் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம், காபி, மாத்திரை. ஒன்பதுக்குப் படுத்து ஏழுக்கு எழுந்தால் படுக்கையில் 10 மணி நேரம். தூங்கியது 6 என்றால் 60 சதவீதம்தான் தேறுகிறது. அப்போது படுக்கை நேரத்தை ஆறரை மணி நேரமாகச் சுருக்க வேண்டும்: இரவு 11.30க்குப் படுத்து காலை 6க்கு எழுவது, ஞாயிற்றுக்கிழமை உட்பட. ஒரு வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தொட்டால் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். முதல் வாரம் பகலில் எரிச்சலும் கலக்கமும் கூடும். பலர் விட்டுவிடுவது அங்கேதான். படுக்கை நேரம் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போகவே கூடாது. வலிப்பு, பைபோலார் (மனநிலை மாறிமாறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்களும், 18 வயது ஆகாதவர்களும், சிகிச்சை இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சுருக்கலில் இறங்க வேண்டாம். அந்த வாரங்களில் பைக் ஓட்டுவதும் வேண்டாம்.

தூக்கம் வராமல் இருபது நிமிடம் போல ஆகிவிட்டால் (கடிகாரம் பார்க்காமல், குத்துமதிப்பாக) எழுந்து திண்ணையில் உட்காருங்கள். மொபைல் உள்ளேயே இருக்கட்டும். கண் சொக்கினால் திரும்பப் படுக்கலாம். இந்த விஷயத்தில் நம்ம பாய் கட்டிலைவிட உசத்தி: காலையில் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் பகலில் படுக்க இடமே இல்லை. எழுந்ததும் அரை மணி நேரம் வெயிலில், ஆற்றங்கரையிலோ வாய்க்கால் கரையிலோ நடை. குடித்த காபியில் பாதி காஃபின் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். டிகிரி காபியை மத்தியானத்தோடு நிறுத்துங்கள். மார்கழியில் விடிவதற்கு முன்பே கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

ரத்தப்புற்றுக்கு மெயின்டெனன்ஸில் (நோய் திரும்பாமலிருக்க நீண்ட நாள் மாத்திரை போடும் கட்டம்) இருக்கும் பிள்ளைகள் பலருக்கு மாதாமாதம் சில நாள் ஸ்டீராய்டு இருக்கும். சாயங்காலம் போட்டால் அன்றைக்கு ராத்திரி அவ்வளவுதான். காலையில் சாப்பாட்டோடு போடலாமா, இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மத்தியானமே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

சிலதைப் பழக்கத்தால் சரிசெய்ய முடியாது. கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவருக்குத் தைராய்டு குறையலாம், டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். ராத்திரியில் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் ஃபெரிடின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). ஸ்டீராய்டில் எடை ஏறி, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் தூக்கப் பரிசோதனை. மூளையில் கட்டி இருந்து, போதுமான அளவு தூங்கியும் பகலில் சொக்கினால் அது சோம்பேறித்தனம் இல்லை. தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதியான ஹைபோதாலமஸ் பாதிப்பாக இருக்கலாம். சிவப்பு மருந்து (இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் வகைக் கீமோ) ஏறியவருக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறதென்றால் இதய டாக்டரிடம் உடனே போங்கள். சட்டை நனையும் ராத்திரி வியர்வை, காய்ச்சல், எடை இறக்கம் என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

மெடிக்கலில் "தூக்கத்துக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று அரிப்பு மாத்திரை வாங்குவது ஊர்வழக்கம். சீக்கிரமே பழகிப்போகும், மறுநாள் மந்தம் மட்டும் மிஞ்சும். கீமோ மறதியோடு பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது கூடுதல் தண்டனை. அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை அடிமையாக்கும், சீட்டில்லாமல் வேண்டாம். அமுக்கரா சூரணத்தையும் சொல்லாமல் சாப்பிடாதீர்கள். சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது, மெயின்டெனன்ஸ் மாத்திரைகளே ஈரலுக்குப் பாரம்.

பயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், இலவசம்.

செக்கப்புக்காக மன்னை எக்ஸ்பிரஸிலோ உழவன் எக்ஸ்பிரஸிலோ சென்னை போய்வரும் வாரத்தைச் சதவீதக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரயிலில் கெட்ட தூக்கம், ஸ்கேன் பயம் இரண்டும் கலந்திருக்கும். திரும்பியதும் ஈடுகட்ட நாள் முழுக்கத் தூங்காமல், அன்றைக்கும் 11.30க்கே படுக்கட்டும். காலண்டர் தாள்களை ஃபைலில் வைத்து எடுத்துப் போங்கள். தூக்கத்தைப் பற்றி டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே எடுத்து நீட்டுங்கள்.