டோலோரஸ் என்றால் அழகு, வியாகுலம் என்றால் சிரிப்பா?

மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். இதற்கு மேல் முடியவில்லை.

எந்த வீடியோ என்று உங்களுக்கே தெரியும். நான் அதைப் பகிரப் போவதில்லை, கமெண்டில் லிங்க் கேட்காதீர்கள். ஆண்டு விழா மேடை. பரிசு வாங்கிய பிள்ளையின் அம்மாவையும் மேலே கூப்பிடுகிறார் தொகுப்பாளர். கையிலிருக்கும் தாளைப் பார்த்து, "வியாகுல... வியாகுலமேரியா? என்னங்க இது, ஏதோ வியாதி பேரு மாதிரி இருக்கு" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களும் சிரிக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் அத்தோடு வீடியோவை நிறுத்திவிட்டீர்கள். இன்னும் பத்து நொடி ஓடவிட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை கோப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கீழே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்ட அம்மாவைப் பார்த்து, வராதே என்று தலையை ஆட்டுகிறாள்.

அந்தத் தலையாட்டல்தான் மூன்று நாளாக என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

வியாகுலம் என்றால் துயரம். பெற்ற மகன் பாடுபடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற தாயின் துயரம். வியாகுல மாதா என்று சொல்லி, செப்டம்பர் 15 அன்று திருநாள் கொண்டாடுகிறார்கள். நான் அந்த மதமில்லை. ஆனால் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் வளர்ந்த யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. கடலுக்குப் போன பிள்ளை திரும்பி வருவானா, எல்லை தாண்டினான் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா என்று விடியவிடியக் கரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் உள்ள ஊரில், துயரத்தோடு நின்ற ஒரு தாயின் பெயரைப் பெண் பிள்ளைக்கு வைக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இதே பெயர் ஸ்பெயினிலும் இருக்கிறது. டோலோரஸ். அதுவும் அதே மாதாதான், அதே துயரம்தான். செல்லமாக லோலா என்று கூப்பிடுவார்கள். அந்தத் தாளில் டோலோரஸ் என்று எழுதியிருந்தால் தொகுப்பாளர் எவ்வளவு மரியாதையாக, நாக்கைச் சுழற்றிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். என் வயிற்றெரிச்சல் இது ஒன்றுதான். அதே பொருள் வேறு மொழியில் வந்தால் நாகரிகம், நம் வாயில் வந்தால் பட்டிக்காடு.

இன்னும் சொல்கிறேன். அமலோற்பவம் என்ற பெயரை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஸ்பெயினில் அதுதான் கொன்செப்சியோன். இங்கே ஜெபமாலை, அங்கே ரொசாரியோ. தஸ்நேவிஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பனிமய மாதாவைப் போர்த்துகீசியர் "தாஸ் நேவெஸ்" என்பார்கள், பனியின் மாதா என்று அர்த்தம். ரோமாபுரியில் ஆகஸ்ட் மாத வெயிலில் பனி பெய்ததாக ஒரு கதை உண்டு, அதை வைத்து வந்த பெயர். அது கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்து, பனியையே கண்ணால் பார்க்காத முத்துக்குளிக்கும் ஜனங்களின் வீட்டுப் பெயராகிவிட்டது. எவ்வளவு பெரிய பயணம் அது! பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தருகிறவர்கள் யாருமில்லை. சிரிக்க மட்டும் மைக் கொடுக்கிறார்கள்.

மேரிக்கும் ஒரு கதை உண்டு. எபிரேய மொழியின் மிர்யாம்தான் மரியாவாகி மேரியானது. பொருள் என்ன என்று இன்றுவரை அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. புனித ஜெரோம் அதற்கு "கடல் துளி" என்று லத்தீனில் பொருள் எழுதினாராம், ஸ்டில்லா மாரிஸ். படி எடுத்தவர்கள் கைதவறி ஸ்டெல்லா மாரிஸ் என்று எழுதிவிட, அது "கடல் விண்மீன்" ஆகிவிட்டது என்று சொல்வார்கள். துளியோ விண்மீனோ, கடல் கடல்தானே? கடலோரத்து ஊரில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைத்துவிட முடியும்?

அந்தச் சகோதரியின் பெயர் அவருடைய அப்பாயியின் பெயர் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தப் பாட்டி 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து உயிரோடு வந்தவர். கூட இருந்த எல்லோரும் வரவில்லை. மைக்கில் சிரித்தது அந்தப் பெயரைப் பார்த்துத்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்கிறீர்கள். என் பிழைப்பே பெயர்தான். ஆன்லைன் சேவைக் கடை வைத்துப் பதினோரு வருடமாகிறது. காலையிலிருந்து ராத்திரிவரை ரேஷன் கார்டு, ஆதார், மீனவர் நிவாரண மனு என்று பெயர்களைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். முனியம்மாள், பேச்சியம்மாள், ராக்கு, காளியம்மாள், செய்தம்மாள், பாத்துமுத்து. கடைசிப் பெயரைப் பாருங்கள். பாதி அரபி, பாதி தமிழ். பாத்திமா என்ற சொல்லின் வேர், பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதைக் குறிக்கும் அரபிச் சொல். அதோடு நம் முத்தைக் கோத்து பாத்துமுத்து ஆக்கியிருக்கிறார்கள். யாரோ ஒரு தாய் இரண்டு மொழியையும் ஒரே பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள்.

இந்தப் பெண்களிடம் பெயர் கேட்டால் பாதிப் பேர் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து சொல்வார்கள். "முத்தம்மாதாம்மா" என்று, செய்யாத தப்பை ஒத்துக்கொள்வதுபோல. ஏன் கூச வேண்டும்? மார்கரெட் என்றாலும் முத்துதான், கிரேக்கச் சொல். ரீட்டா, கிரேட்டா எல்லாம் மார்கரெட்டின் சுருக்கம். பின்லாந்தில் ஹெல்மி என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள், முத்து. பாரசீகத்தில் மொர்வாரித், அதுவும் முத்து.  நம் முத்து, இங்கே மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி, முங்கி எடுத்தது. உலகத்தில் முத்து என்று பெயர் வைக்க முதல் உரிமை உள்ளவர்கள் நம் பெண்கள். அவர்கள்தான் என் கடையில் குனிந்து சொல்கிறார்கள்.

கருப்பாயி என்றால் சிரிப்பு. மெலனி என்றால் ஸ்டைல். மெலனி கிரேக்கத்தில் கருப்பிதான். ஷியாமளாவும் கருநிறத்தவள்தான். லைலா என்றால் அரபியில் இரவு. மரகதம் என்றால் பாட்டி பெயர், எஸ்மரால்டா என்றால் கதாநாயகி பெயர். சொல்லின் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டும் ஒரே சொல். வடமொழி மரகதமும் கிரேக்க ஸ்மாரக்தோஸும் சொந்தக்காரர்கள், அந்தக் கிரேக்கச் சொல்தான் ஸ்பானிய மொழிக்குப் போய் எஸ்மரால்டா ஆனது. உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சந்தனம் களைந்த மரகத நடராசரைப் பார்க்க விடியவிடிய வரிசையில் நிற்கிறோம். அதே சொல் ஒரு கிழவிக்குப் பெயராக இருந்தால் ஏளனம்.

"சும்மா ஒரு ஜோக்குக்கு இவ்வளவா?" என்கிறார் ஒருவர். அண்ணே, உங்கள் அம்மா பெயரை அதே மேடையில் அதே தொனியில் படிக்கச் சொல்கிறேன். அப்புறம் வந்து பேசுங்கள்.

"பொருள் நல்லதாக இருக்க வேண்டாமா? துயரம், வேதனை என்றா வைப்பது?" என்று இன்னொருவர். சரி. செசிலியா என்ற பெயரின் வேர் லத்தீனில் கண் தெரியாமையைக் குறிக்கும் சொல். கிளாடியாவின் வேரில் நொண்டி. பார்பரா என்றால் அந்நியப் பெண், பேச்சு விளங்காதவள். இவர்களை யாரும் மேடையில் வைத்துச் சிரித்ததில்லை. பொருள் பார்த்துச் சிரிக்கவில்லை நீங்கள். யாருடைய பெயர் என்று பார்த்துச் சிரித்தீர்கள். டீச்சர் பெயரோ டாக்டர் பெயரோ வியாகுலமேரி என்றிருந்தால் அந்த வாய் திறந்திருக்காது. அந்த அம்மா கருவாடு காயப்போடுகிறவர், அதுதான் விஷயம்.

"உன் மகளுக்கு மட்டும் ஏன் முத்தம்மாள் என்று வைக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கவில்லை. நெட்டில் பார்த்து ஒரு பெயர் வைத்தோம், நட்சத்திரத்துக்கு எழுத்து பொருந்தியது. என் மாமியார் பெயரை வைத்திருக்கலாம், அப்போது எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்படிச் சிரிப்பார்கள் என்ற பயம்தான். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களே இன்று வந்து கேட்கிறார்கள்.

சாதியைக் காட்டிக்கொடுக்கும் பெயர், ஆண்டைகள் இழிவாக வைத்த பெயர், இதையெல்லாம் மாற்றிக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அரசிதழில் பெயர் மாற்ற எத்தனை பேருக்கு நானே விண்ணப்பம் போட்டிருக்கிறேன். தனக்குப் பிடிக்காமல் மாற்றுவது அவரவர் உரிமை. அடுத்தவன் சிரித்ததற்காக மாற்றுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்படியானால் போதும்பொண்ணு என்ற பெயரையும் தூக்கிப் பிடிப்பாயா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைப்பு. இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது என் வீட்டுக் கதை.

என் பெரியம்மா பெயர் போதும்பொண்ணு. நாலாவது பெண். அப்படி வைத்தால் அடுத்தது பையன் பிறப்பான் என்று நம்பினார்கள். நம் ஊரில் மட்டும் இல்லை இது. துருக்கியில் யெதெர் என்று பெண்களுக்குப் பெயர் உண்டு, போதும் என்று அர்த்தம். சீனாவில் சாவ்தி, தம்பியைக் கூட்டிவா என்று அர்த்தம். ஜப்பானில் முன்பு தோமே என்று வைப்பார்கள், நிறுத்து. மகாராஷ்டிரத்தில் நகோசி, வேண்டாதவள். 2011இல் சாத்தாரா மாவட்டத்தில் 285 பெண்களுக்கு ஒரே நாளில் விழா எடுத்து அந்தப் பெயரை மாற்றினார்கள். அதைப் படித்த அன்று நான் அழுதேன். ஆகவே தம்பி, அந்தப் பெயர் வைத்தது தப்பு. வைத்தவர்கள் தப்பு. சுமந்தவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

போதும் என்று சொன்ன பிறகும் ஐந்தாவதாக ஒரு பெண் பிறந்தது. அதுதான் என் அம்மா. இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தது பெரியம்மா.

பெரியம்மா நாற்பது வருடம் கடல்பாசி எடுக்கப் போனவள். பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவாள், அப்படியும் கிழிக்கும். போன வருடம் என் கடைக்கு வந்தபோது கைரேகை விழவே இல்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஈரத்துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, மறுபடியும் வைத்தேன். கண்ணாடி மேல் வெறும் வெள்ளைக் கோடுகள்தான் தெரிந்தன. ரேகையைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஸ்கிரீனில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, காதருகே வந்து கேட்டாள்: "ஏ ஆத்தா, இதுல வேற பேரு போட்டுற முடியுமா?"

அதற்கு அரசிதழ், அது இது என்று நான் பெரிதாக விளக்கினேன். "சரி விடு, இனி எத்தன நாளைக்கு" என்று எழுந்து போய்விட்டாள். அறுபத்தெட்டு வயதில் கேட்கிறாள். இத்தனை வருடமும் அது அவளுக்கு வலித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பாசி எடுக்கும் பெண்கள் யாரும் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏ பொண்ணக்கா" என்றுதான் படகிலிருந்து சத்தம் போடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், முன்னால் இருக்கும் அந்த ஒரு சொல்லை அவர்களே வெட்டிப் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காத பெண்கள். மைக் பிடித்தவருக்கு அந்த அறிவு இல்லை.

தொகுப்பாளர் நேற்று ராத்திரி எனக்கு இன்பாக்ஸில் "சாரி சிஸ்டர், ஹர்ட் பண்ணணும்னு சொல்லல" என்று அனுப்பியிருக்கிறார். நான் பதில் போடவில்லை. என் பெயரையா அவர் படித்தார்? சர்ச் தெருவில் மூன்றாவது வளைவில், வாசலில் வலை கிடக்கும் வீடு எது என்று அவருக்கே தெரியும். பெற்றோர் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. அதே மைக், அதே ஆட்கள். "வியாகுலமேரி அம்மா, மேடைக்கு வாங்க" என்று ஒழுங்காக ஒருமுறை கூப்பிடட்டும். நானும் பிள்ளையோடு போய்க் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன்.