அலையை எழுப்புவதைவிட அடக்குவதுதான் பெரிய வேலை

அலைச்சறுக்குக்கென (சர்ஃபிங்) ஒரு செயற்கைக் குளம் வரப்போகிறது என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அலை எவ்வளவு உயரம்?" என்னைக் கேட்டால், ஓர் அலை ஓடி முடிந்தபின் தண்ணீர் அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும். குளம் தேறுமா தேறாதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அலையை எழுப்பும் கணக்கு பழசு, தெளிவானது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கிறது. 2 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கி.மீ. அலையின் உயரம் அந்த இடத்து ஆழத்தில் ஏறக்குறைய 0.78 பங்கை எட்டினால் முகடு கவிழும். ஆக, ஒன்றரை மீட்டர் அலை சுமார் 1.9 மீட்டர் ஆழத்தில் உடையும். தரையைச் சரிவாகவும் அலை வரும் திசைக்குக் கோணலாகவும் அமைத்தால், உடைப்பு ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஓடும். கோணம் ரொம்பக் குறைந்தால் முகடு மொத்தமாக ஒரே நேரத்தில் விழும். பலகையில் நிற்பவருக்குப் போக இடமிருக்காது.

அந்த அலை கொண்டுவந்த ஆற்றல் எங்கே போகிறது? கடலில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, இடம் இருக்கிறது. குளத்தில் இல்லை. உயரம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. உடையும்போது நுரையாகவும் சுழலாகவும் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சம் இரண்டு வடிவில் தங்குகிறது: கரையோரம் தள்ளப்பட்ட நீர் திரும்பி ஓடும் நீரோட்டம், குளம் முழுக்க மெல்ல ஏறி இறங்கும் தளும்பல்.

தளும்பலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 150 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் தளும்பல் ஒரு கரைக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 68 நொடி ஆகும். மட்டம் 10 செ.மீ. மட்டுமே மாறுகிறது என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாது. ஆனால் தரை 20 மீட்டருக்கு 1 மீட்டர் சரிகிறது என்றால் அலை உடையும் இடம் 2 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரே பொத்தானை அழுத்தியும் இரண்டு அலை ஒன்றுபோல வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நீரோட்டமும் இதே தொல்லை கொடுக்கும்: எதிர்த்து வந்தால் அலை செங்குத்தாகிச் சீக்கிரம் உடையும், கூடவே ஓடினால் தட்டையாகும்.

செங்குத்துச் சுவர் அலையை அப்படியே திருப்பி அனுப்பும் என்பதால் ஓரங்களை நீண்ட சரிவாக விடுகிறார்கள். விளிம்பேறும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் வடிகால் வைக்கிறார்கள். துளையிட்ட சுவரும் பின்னால் ஓர் அறையும் குட்டி அலைகளை நன்றாக விழுங்கும். ஆனால் அது நன்றாக வேலை செய்ய அந்த அறை அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு அகலம் இருக்க வேண்டும். 68 நொடித் தளும்பலின் அலைநீளம் 300 மீட்டர்; அறைக்கு 75 மீட்டர், குளத்தில் பாதி! அதனால் மெதுவான தளும்பலுக்குச் சுவரை நம்பிப் பயனில்லை. இயந்திரம் அலை விடும் இடைவெளியைத்தான் மாற்ற வேண்டும். 68 நொடிக்கோ, அதன் பாதியான 34-க்கோ, மூன்றில் ஒரு பங்கான 23-க்கோ ஒன்றென அலை விட்டால் ஒவ்வோர் அலையும் தளும்பலை வளர்த்துக்கொண்டே போகும்.

கலிஃபோர்னியாவின் லெமூரில் அலைச்சறுக்கு வீரர் கெல்லி ஸ்லேட்டர் 2015 டிசம்பரில் உலகுக்குக் காட்டிய குளம் ஏறத்தாழ 700 மீட்டர் நீளம். தண்டவாளத்தில் ஓடும் வண்டி நீருக்கடியில் இறக்கை போன்ற ஒரு பலகையை (ஃபாயில்) இழுத்துச் சென்று அலையை எழுப்புகிறது. அலை அபாரம், சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த அலைக்குச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், தண்ணீர் அடங்க வேண்டுமே! வேவ்கார்டன் நிறுவனத்தின் கோவ் வகைக் குளங்களில் நடுவில் வரிசையாகத் துடுப்புகள் அலையைத் தள்ளுகின்றன. மணிக்கு 1000 அலை வரை தர முடியும் என்கிறது நிறுவனம். லெமூரின் நீண்ட ஓட்டம் அங்கே கிடைக்காது. பொதுமக்கள் காசு கொடுத்து வரும் குளத்துக்கு இரண்டாவது வகையே சரி என்பது என் கருத்து. ஆறு பேருக்கு ஆளுக்கு ஓர் அலை கொடுத்துவிட்டு உட்கார வைப்பது பயிற்சிக்கு உதவாது.

புதிதாகக் குளம் கட்டுபவர்கள் விளம்பரத்தில் உயரத்தோடு இன்னும் இரண்டு எண்களையும் போடட்டும்: தொடர்ந்து 20 அலை விட்டபின் நீர்மட்டம் எத்தனை செ.மீ. ஆடுகிறது, உடையும் இடத்தில் நீரோட்டம் நொடிக்கு எவ்வளவு. மட்டம் அளக்கும் சென்சார் நாலும் நீரோட்டமானி ஒன்றும் இருந்தால் ஒரே நாளில் அளந்துவிடலாம்.