ஃபின்லாந்தில் 7 வயது வரை விளையாட்டு மட்டும்தானா?

"ஃபின்லாந்தில் 7 வயது வரை பாடமே கிடையாது" என்று பரவும் செய்தி பாதிதான் சரி. முதல் வகுப்பு அங்கே 7 வயதில்தான். ஆனால் அதற்கு முந்தைய ஓராண்டு முன்தொடக்கக் கல்வி 2015 முதல் கட்டாயம். ஆண்டுக்குக் குறைந்தது 700 மணி நேரம். எழுத்து, ஒலி, எண் எல்லாம் அதில் உண்டு, விளையாட்டு வழியாக.

குழந்தைகளைச் சும்மா ஆடவிட்டால் எழுத்தின் ஒலி தானாக வந்துவிடாது. ‘ம’, ‘க’ என இரண்டு அட்டைகளைத் தரையில் வைத்து, ‘மரம்’ என்றதும் அது தொடங்கும் எழுத்தின்மேல் குதிக்கச் சொல்லுங்கள். ‘ம’, ‘ப’ இரண்டும் உதட்டில் பிறப்பவை. தொடக்கத்தில் சேர்த்து வைத்தால் குழம்புவார்கள். ஒவ்வொருவராகக் குதிக்கட்டும். கூட்டமாகக் குதித்தால் பாதிப் பேர் முன்னால் குதிப்பவரைத்தான் பார்ப்பார்கள், அட்டையை அல்ல.