டன்னுக்கு 400 ரூபாய் போன பிறகு

எண்ணூரில் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை இரண்டு முறை உதறாமல் மடிக்க முடியாது. கொடிக்கயிற்றைத் தொட்டாலே விரலில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒட்டும். நிலக்கரிக்கான வரியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கயிறுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய எரிசக்தி செஸ், 2016இல் 400 ரூபாயானது. மாசில்லா மின்சாரத்துக்கென்று வசூலித்த அந்த வரி, 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸாக மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் நீக்கப்பட்டு, 5 சதவீத ஜிஎஸ்டி 18 சதவீதமாக்கப்பட்டது. வரி கூடியதுபோலத் தோன்றும். ஆனால் டன் 1,500 ரூபாய் விலையுள்ள மட்டரகக் கரிக்கு முன்பு 475 ரூபாய் வரி, இப்போது 270 ரூபாய்தான். 8,000 ரூபாய்க் கரிக்கோ 800 ரூபாய் 1,440 ஆகிவிட்டது. எடைக்கு வரி போட்டவரை மலிவான, சாம்பல் மிகுந்த கரியே தன் விலைக்கு மீறிய சுமையைத் தாங்கியது. விலைக்கு வரி என்றானதும் சலுகை அதற்கே போய்ச் சேர்கிறது. ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் எண்ணூருக்கு வருவது பெரும்பாலும் அந்த ரகம்தான். இறக்குமதி குறையும், மின் உற்பத்திச் செலவு குறையும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாம்பலுக்கான செலவை யார் கணக்கில் எழுதுவது?

கரிக்குச் சலுகை தருவது நம் நாட்டுப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் சுரங்கத்தில் போட்ட முதலீட்டை முழுவதும் திரும்ப எடுத்த பிறகும், நிலக்கரி வருமானத்தில் 10 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். சூரியத் தகடு, பேட்டரி உற்பத்திக்கென்று உருவான வரிச்சலுகையில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் உருக்காலைக் கரியையும் சேர்த்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் சுரங்க இயந்திரங்கள் குடிக்கும் டீசலுக்கான வரி நிறுவனங்களுக்கே திரும்பிவிடுகிறது. இத்தகைய மானியங்களைப் படிப்படியாக நிறுத்துவதாக ஜி20 நாடுகள் 2009இல் பிட்ஸ்பர்க்கில் உறுதியளித்திருந்தன. பல பத்தாண்டுகள் கரிச் சுரங்கங்களுக்கு அள்ளிக்கொடுத்த ஜெர்மனியோ 2007இல் கடைசித் தேதியைக் குறித்து, தொழிலாளர்களுக்கு முன்கூட்டிய ஓய்வூதியத்துக்கும் வழிசெய்து, 2018 டிசம்பரில் பாட்ராப் நகரத்தின் சுரங்கத்தோடு கருநிலக்கரி வெட்டுவதையே முடித்தது. தேதியைச் சொல்லிவிட்டு அதன்படி நடந்ததைத்தான் நான் மதிக்கிறேன்.

எடைக்கான வரி திரும்ப வர வேண்டும். சாம்பல் அளவுக்கேற்ப அது ஏறி இறங்க வேண்டும். அதில் சேரும் பணம் பொதுக் கணக்கில் கரையாமல், கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்திருக்கும் சாம்பலை அள்ளவும், அந்தச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் மருத்துவத்துக்கும் முதலில் செலவாக வேண்டும்.