பெயரைக் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போனஸ் செய்தி வந்தாலே போதும், டேக்கா காப்பிக்கடையில் பாதிப் பேருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். 2024-இல் ஏறக்குறைய எட்டு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். கொடுக்கட்டுமே, உங்கள் மத்திய சேம நிதியிலிருந்தா எடுத்தார்கள்? "யாருக்கு எவ்வளவுன்னு அரசாங்கமே பேரோட போடணும்ணே, அப்பத்தான் அடங்குவானுங்க" என்று தே தாரிக்கை உறிஞ்சிக்கொண்டே ஒருவர் தீர்ப்பு சொல்கிறார். இவர் மகளே சாங்கி பிசினஸ் பார்க்கில் வங்கி வேலை, வருஷம் தவறாமல் போனஸ் வாங்குகிற பிள்ளை. சுற்றி இருந்தவர்களும் தலையாட்டுகிறார்கள்!

அதையெல்லாம் அமெரிக்காவில் செய்து பார்த்தாயிற்று ஐயா. ஏஐஜி காப்புறுதி நிறுவனம் ஞாபகம் இருக்கிறதா? 2008 செப்டம்பரில் அது ஆட்டம் கண்டதும், நம் ஆட்கள் பாலிசியை ரத்துசெய்ய ஏஐஏ அலுவலகத்தில் வரிசை பிடித்தார்களே, அந்த ஏஐஏவின் தாய் நிறுவனம். 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து அமெரிக்க அரசு அதைத் தூக்கி நிறுத்தியது. 2009 மார்ச்சில், கம்பெனியைக் கவிழ்த்த அதே பிரிவுக்கு 16.5 கோடி டாலர் போனஸ். வரிப்பணம், மக்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதில் தப்பே இல்லை.

பதவியில் இருந்தவர்கள் ஆடிய ஆட்டம்தான் தாங்கவில்லை. நியூயார்க்கின் தலைமைச் சட்ட அதிகாரி ஆண்ட்ரூ குவோமோ பெயர்ப் பட்டியல் கேட்டு சம்மன் அனுப்பினார். செனட்டர் கிராஸ்லி ஏஐஜி அதிகாரிகளைப் பார்த்து, ராஜினாமா செய் அல்லது தற்கொலை செய்துகொள் என்றார். (அப்புறம் வழக்கமான மழுப்பல்.) நாடாளுமன்ற விசாரணையில் உறுப்பினர் பார்னி ஃபிராங்க் பெயர்களைக் கொடு என்று நெருக்க, ஏஐஜி தலைவர் லிடி தங்களுக்கு வந்த மிரட்டல் ஒன்றை வாசித்துக் காட்டினார்: அதிகாரிகளையும் குடும்பத்தையும் பியானோ கம்பியால் கழுத்தை இறுக்கிக் கொல்ல வேண்டுமாம். ரகசியமாக வைப்பதாக உறுதி கொடுங்கள், தருகிறேன் என்றார் லிடி. உறுதியெல்லாம் தர முடியாது என்றார் ஃபிராங்க்! அதே வாரம் கனெக்டிகட்டில் போராட்டக்காரர்கள் பஸ் பிடித்து அதிகாரிகளின் வீட்டு வாசலுக்கே போனார்கள். அந்தப் பிரிவை நடத்திய ஜோசப் கசானோ 2008-லேயே நடையைக் கட்டிவிட்டார். எஞ்சியிருந்தவர்களில் எத்தனையோ பேர் கம்பெனியைக் கவிழ்த்த அந்தச் சூதாட்டத்தைத் தொட்டதுகூட இல்லை.

நம் ஊரில் ஒருவரைத் தொல்லைப்படுத்த அவருடைய விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரியிலிருந்து குற்றம். நானோ நீங்களோ செய்தால் கோர்ட் படி ஏற வேண்டும். அதையே அரசாங்கம் செய்யணுமாம்!

இன்னொன்று கேளுங்கள். 2009 மார்ச் 19 அன்று அந்த போனஸுக்கு 90 சதவீத வரி போட அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 328 உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். பிப்ரவரியில் இதே நாடாளுமன்றம்தான், பிப்ரவரி 11-க்கு முன் ஒப்பந்தமான போனஸ்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது என்று ஒரு விதிவிலக்கைச் சட்டத்தில் நுழைத்து நிறைவேற்றியிருந்தது. நிதியமைச்சு கேட்டதால்தான் சேர்த்தோம் என்று செனட்டர் டாட் பிறகு ஒப்புக்கொண்டார். அந்த நிதியமைச்சு அதிகாரிகளின் வீட்டுக்கு யாராவது பஸ் பிடித்தார்களா?