டிஸ்க் போகவில்லை, ஃபோர்மட் செய்யாதீர்கள்

“விண்டோஸ் 11க்கு மாற்றியதும் நீலத்திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால் டிஸ்க் போய்விட்டது, ஃபோர்மட்தான் ஒரே வழி” என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை அண்ணா. டிஸ்க்கை வாசிக்கத் தேவையான கன்ட்ரோலர் டிரைவர் (விண்டோஸ் டிஸ்க்கோடு பேச உதவும் சிறு மென்பொருள்) தொடக்கத்திலேயே ஏறாவிட்டாலும் இதே செய்திதான் வரும்.

உப்புவெளியில் தங்கச்சியின் லப்டொப்பில் இதுதான் நடந்தது. திருகோணமலை டவுனில் ஒரு கடையில் புது டிஸ்க் வாங்கச் சொல்லிவிட்டார்கள். பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் லப்டொப்பின் அடிப்படை செட்டிங் திரைக்குள் போய்ப் பார்த்தேன். டிஸ்க்கின் பெயரும் 512 ஜிபியும் அப்படியே தெரிந்தன. 11 போடுவதற்காக பயோஸை அப்டேட் செய்திருந்தாள். அதில் செட்டிங் எல்லாம் பழைய இயல்புநிலைக்குப் போய், டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்று சொல்லும் சாட்டா மோட், ரெய்ட் என்ற முறையிலிருந்து ஏஹெச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாறிவிட்டது; அதற்கான டிரைவர் தொடக்கத்தில் ஏறவில்லை. திரும்ப ரெய்டுக்கு மாற்றினேன், திறந்துகொண்டது. அவளுடைய ஏ.எல். நோட்ஸ் ஒன்றும் போகவில்லை. ஃபோர்மட் செய்திருந்தால்?

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் பயோஸைத் தொடுங்கள். மோட் சரியாக இருந்தும் திறக்காவிட்டால், ரிகவரி திரையில் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அந்த வசதி வழக்கமாக 11க்கு மாற்றியதிலிருந்து 10 நாட்களுக்குத்தான். பயோஸிலேயே டிஸ்க் தெரியவில்லை என்றால் கேபிளையும் டிஸ்க்கையும் சந்தேகப்படுங்கள்.